சொந்த டிஸ்க் இமேஜைக் கிளவுடில் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சின்ன அலுவலகங்களின் சர்வர்களைக் கவனித்துக்கொள்வது என் பிழைப்பு. அம்பத்தூர், கிண்டி, மண்ணடி என்று எங்கே போனாலும் காட்சி ஒன்றுதான். கணக்கர் மேசைக்கு அடியில் ஒரு டவர் சர்வர், அதன் தலையில் பழைய பில் கட்டு, மேலே சுவரில் லட்சுமி படம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அந்த மேசைகளுக்கு அடியிலும் புகுந்தது. அதற்குப் பிறகுதான் "இதை அப்படியே தூக்கிக் கிளவுடில் வச்சிட முடியாதா சார்?" என்ற கேள்வி அதிகம் வர ஆரம்பித்தது. முடியும். ஆனால் அந்த 'அப்படியே'தான் சிக்கல். ஃபோனில் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிஸ்க் இமேஜ் என்றால் என்ன? ஐஎஸ்ஓ ஃபைலும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. ஐஎஸ்ஓ என்பது பெரும்பாலும் இன்ஸ்டால் செய்யும் டிஸ்கின் நகல். டிஸ்க் இமேஜ் என்பது இன்ஸ்டால் முடிந்து, பார்ட்டிஷன் (டிஸ்கின் உள்பிரிவுகள்) பிரித்து, பூட்லோடர் (ஆபரேட்டிங் சிஸ்டத்தை, அதாவது ஓஎஸ்ஸை, எழுப்பும் சின்ன புரோகிராம்) எழுதி, உங்கள் சாஃப்ட்வேர் எல்லாம் ஏறி உட்கார்ந்த ஒரு முழு ஹார்டு டிஸ்கின் நகல். முதலாவது மளிகைச் சாமான், இரண்டாவது சமைத்து டிபன் கேரியரில் அடைத்த சாப்பாடு. 'கஸ்டம் இமேஜ்' என்ற இடத்தில் கிளவுட் நிறுவனங்கள் கேட்பது கேரியரைத்தான். ஐஎஸ்ஓ ஏற்றவும் சில இடங்களில் தனி வசதி உண்டு, வல்டர் என்ற கிளவுட் நிறுவனம் ஓர் உதாரணம். அது வேறு கதவு.

வட்டுப் படிமம் என்று நல்ல தமிழில் எழுதலாம்தான். சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி தெருவில் போய் அப்படிக் கேட்டால் ஸ்கேன் சென்டருக்கு வழி சொல்வார்கள். அதனால் இந்தப் பக்கம் முழுக்க இமேஜ் என்றே போகிறேன்.

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் எல்லாம் கிளவுடில் ரெடியாகவே கிடைக்கிறதே, எனக்கு எதற்குச் சொந்த இமேஜ்?

நல்ல கேள்வி. என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் இது தேவையே இல்லாதவர்கள். ஒரு வெப்சைட், ஒரு டேட்டாபேஸ், நான்கு ஸ்கிரிப்ட் என்றால் கிளவுடின் ரெடி இமேஜில் புதிதாகத் தொடங்கி டேட்டாவை மட்டும் கொண்டுபோங்கள். ஒரு நாள் வேலை. பத்து வருடக் குப்பையும் அதோடு கழியும்.

சொந்த இமேஜ் எப்போது வேண்டும்? சாஃப்ட்வேர் எழுதியவர் துபாய் போய்விட்டார், எப்படி இன்ஸ்டால் செய்தார் என்று யாருக்கும் தெரியாது என்றால் வேண்டும். கிளவுட் நிறுவனம் தராத ஒரு ஓஎஸ் தேவை என்றால் வேண்டும். ஒரே மாதிரி இருபது சர்வர் அடிக்கடி எழுப்ப வேண்டும், ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம் இன்ஸ்டால் ஓடக் கூடாது என்றால் வேண்டும். 2023 நவம்பரில் விர்ச்சுவல் மெஷின் (ஒரு கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டும் சாஃப்ட்வேர் செய்யும் விஎம்வேரை பிராட்காம் வாங்கியதிலிருந்து லைசென்ஸ் செலவைப் பார்த்து வெளியேறுகிறவர்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள்.

எந்த ஃபார்மட்டில் கொடுக்க வேண்டும்?

போகிற இடத்தைப் பொறுத்தது. ரா என்பது டிஸ்கில் உள்ளதை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே எழுதிய ஃபைல். கியூகவ்2 என்பது கேவிஎம் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வசதி) உலகத்துக்காரர்களின் ஃபார்மட். காலி இடத்தைச் சேமித்து வைக்காது, அதனால் ஃபைல் சிறியதாக இருக்கும். விஎம்டிகே விஎம்வேரிலிருந்து வருவது, விடிஐ விர்ச்சுவல்பாக்ஸிலிருந்து, விஹெச்டியும் விஹெச்டிஎக்ஸும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியிலிருந்து.

டிஜிட்டல்ஓஷன் என்ற கிளவுட் இவற்றில் பெரும்பாலானவற்றை வாங்கிக்கொள்ளும், ஜிசிப் செய்து (சுருக்கி) கொடுத்தாலும் சரி. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷுர் கறாரானது: விஹெச்டிஎக்ஸ் வாங்காது, விஹெச்டியிலும் நிலையான அளவு கொண்டதுதான் வேண்டும், அந்த அளவும் முழு மெகாபைட்டாக இருக்க வேண்டும். கூகுள் கிளவுடுக்கு நேரடியாக ஏற்றும்போது உள்ளே இருக்கும் ஃபைலின் பெயர் 'டிஸ்க் டாட் ரா' என்றே இருக்க வேண்டும், அதை டார் செய்து (ஒரே கட்டாகக் கட்டி) ஜிசிப் செய்திருக்க வேண்டும். பெயரை மாற்றி வைத்துவிட்டு அரைநாள் தலையைச் சொறிந்தவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடியில் ஒருவரைத் தினமும் பார்க்கிறேன். அமேசானில் எஸ்3 பக்கெட்டில் (அமேசானின் ஃபைல் கிடங்கு) ஏற்றி, அங்கிருந்து இம்போர்ட் செய்யச் சொல்ல வேண்டும். ரா, விஎம்டிகே, விஹெச்டி, ஓவிஏ (விர்ச்சுவல் மெஷின் முழுவதையும் ஒரே ஃபைலாகக் கட்டியது) எல்லாம் போகும். ஓப்பன்ஸ்டாக் என்ற இலவச கிளவுட் சாஃப்ட்வேரில் ஓடும் கிளவுட் என்றால் கியூகவ்2 கொடுங்கள், பெரும்பாலும் பிரச்சினை வராது.

மாற்றுவதற்கு கியூஎமு-இமேஜ் என்ற இலவசக் கருவி போதும். அதில் 'கன்வர்ட்' ஒரு ஃபார்மட்டை இன்னொன்றாக்கும், 'இன்ஃபோ' உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். ஏற்றுவதற்கு முன்னால் இன்ஃபோ பார்க்காதவர்கள்தான் எனக்கு ராத்திரி பதினொன்றுக்கு ஃபோன் செய்கிறவர்கள்.

என் ஃபைல் 30 ஜிபிதான். அளவு அதிகம் என்று மறுக்கிறதே?

இன்ஃபோவில் இரண்டு அளவு காட்டும். ஒன்று ஃபைல் உண்மையில் பிடிக்கும் இடம், இன்னொன்று விர்ச்சுவல் சைஸ், அதாவது விரித்தால் எவ்வளவு பெரிய டிஸ்க் என்பது. கிளவுட் பார்ப்பது இரண்டாவதை. டிஜிட்டல்ஓஷனில் விரித்த அளவு 100 ஜிபியைத் தாண்டக் கூடாது. உங்கள் பழைய சர்வரில் 500 ஜிபி டிஸ்க் இருந்து, அதில் 30 ஜிபிதான் பயன்பாட்டில் இருந்தாலும், விரித்த அளவு 500தான்.

ஃபைல்சிஸ்டம், அதாவது டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை, ஈஎக்ஸ்டி4 என்றால் சுருக்கலாம்: முதலில் ஃபைல்சிஸ்டத்தை, பிறகு பார்ட்டிஷனை, கடைசியில் இமேஜை. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் டேட்டா போகும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் சுருக்கவே முடியாது; அது வளரும், தேயாது. சென்டோஸ் 7 என்ற லினக்ஸில் இன்ஸ்டால் செய்யும்போது எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் உங்களுடையது எக்ஸ்எஃப்எஸ்தான். அதற்கு ஒரே வழி, 40 ஜிபியில் புதிய காலி இமேஜ் ஒன்றை உருவாக்கி, பார்ட்டிஷன் போட்டு, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் எல்லா ஃபைல்களையும் அனுமதிகள் உட்பட நகலெடுத்து, கிரப் பூட்லோடரைப் புதிதாக எழுதுவது. கேட்க அலுப்பாக இருக்கும். உண்மையில் இதுதான் சுத்தமான வழி. ஈஎக்ஸ்டி4 ஆக இருந்தாலும் நான் பல நேரம் இதையே செய்கிறேன். டிஜிட்டல்ஓஷன் கேட்பது ஈஎக்ஸ்டி3 அல்லது ஈஎக்ஸ்டி4 என்பதால், இந்த நகலெடுப்பில் ஃபைல்சிஸ்டம் மாற்றமும் சேர்ந்தே முடிந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலிருந்து இமேஜ் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். எடுத்தால் வரும், ஆனால் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் ஒரு டேபிளும், மீதி எழுதிய நிலையில் இன்னொன்றும் இமேஜுக்குள் போகும். சனிக்கிழமை சாயங்காலம் கடை மூடியதும் சர்வரை நிறுத்தி, யூஎஸ்பியிலிருந்து இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லைவ் லினக்ஸ் பூட் செய்து, வெளி டிஸ்கில் டிடி கமாண்டால் நகல் எடுங்கள். மூலமாக முழு டிஸ்கையும் கொடுக்க வேண்டும், அதாவது எஸ்டிஏ (லினக்ஸ் முதல் டிஸ்குக்கு வைக்கும் பெயர்). பலர் எஸ்டிஏ1 என்று கொடுத்துவிடுகிறார்கள். அது முதல் பார்ட்டிஷன் மட்டும்; பார்ட்டிஷன் டேபிளும் பூட்லோடரும் அதில் வராது. வீட்டைக் கொண்டுவந்து வாசற்கதவை விட்டுவந்த மாதிரி.

எடுப்பதற்கு முன் மின்சாரத்தைப் பற்றி யோசியுங்கள். நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போது யூபிஎஸ் இருந்தாலும், வெளி டிஸ்க் யூபிஎஸ்ஸில் சொருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்றுவதற்கு முன் இமேஜுக்குள் என்னென்ன மாற்ற வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஏற்றுவது பட்டனை அழுத்தும் வேலை. ஏறியது எழுந்து நிற்குமா என்பது இங்கேதான் முடிவாகிறது. உங்கள் சர்வர் இத்தனை வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தது. எந்த டிஸ்க் கன்ட்ரோலர், எந்த நெட்வொர்க் கார்டு, ரவுட்டர் எந்த எண் என்றெல்லாம் பழகிவிட்டது. இமேஜ் அந்தப் பழக்கங்களையும் தூக்கிக்கொண்டு வரும்.

முதலில் டிரைவர், அதாவது ஹார்டுவேரோடு ஓஎஸ் பேச உதவும் புரோகிராம். கேவிஎம் அடிப்படையிலான கிளவுடுகளில் டிஸ்கும் நெட்வொர்க்கும் விர்ட்ஐஓ என்ற வகையில்தான் பெரும்பாலும் வரும். லினக்ஸின் மையமான கர்னலில் அந்த டிரைவர் இருக்கும், ஆனால் பூட் ஆகும்போது முதலில் ஏறும் குட்டி ஃபைலான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் அது இருக்க வேண்டும். சென்டோஸ், ரெட்ஹேட் குடும்பத்தில் அந்தக் குட்டி ஃபைலை உருவாக்கும் டிராகட், இப்போதைய மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டுமே பொறுக்கி வைக்கும். இடம் மிச்சம், ஆனால் வீடு மாறினால் டிஸ்கே கண்ணுக்குத் தெரியாது. 'நோ ஹோஸ்ட்ஒன்லி' என்ற தேர்வோடு டிராகட்டை ஒருமுறை ஓட்டினால் எல்லா டிரைவரும் உள்ளே வந்துவிடும். நான் முதன்முதலில் கொண்டுபோன சர்வர் இதில்தான் விழுந்தது. மூன்று முறை முழு இமேஜையும் திரும்ப ஏற்றினேன், பிரச்சினை அப்லோடில் என்று நினைத்துக்கொண்டு.

இரண்டாவது எஃப்எஸ்டேப், எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று எழுதிய ஃபைல். பழைய மெஷினில் எஸ்டிஏ என்று பெயரெடுத்த டிஸ்க், கிளவுடில் விடிஏ ஆகிவிடும். எஃப்எஸ்டேப்பில் டிஸ்க் பெயருக்குப் பதிலாக யூயூஐடி எண் (ஃபைல்சிஸ்டத்தின் மாறாத தனி அடையாளம்) இருக்கட்டும். அதிலேயே எப்போதோ மாட்டிய பேக்கப் யூஎஸ்பி டிஸ்குக்கு ஒரு வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அந்த டிஸ்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்களோ நெட்வொர்க் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது நெட்வொர்க். 192.168 என்று தொடங்கும் நிலையான ஐபி எழுதியிருந்தால் அழித்து டிஹெச்சிபி (ஐபியை நெட்வொர்க்கே தரும் முறை) ஆக்குங்கள். பழைய ஓஎஸ்களில் யூடெவ் (சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் சேவை) ஃபோல்டரில் 'பெர்சிஸ்டென்ட் நெட்' என்ற பெயரில் ஒரு விதி ஃபைல் இருக்கும். அது பழைய கார்டின் மேக் முகவரிக்கு (கார்டில் பதித்த எண்) ஈத்0 என்ற பெயரைப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கும். புதிய கார்டு ஈத்1 ஆகி அநாதையாக நிற்கும். அந்த ஃபைலையும் நீக்குங்கள். ஃபயர்வாலில் 'அலுவலக நெட்வொர்க்கிலிருந்து மட்டும் எஸ்எஸ்ஹெச்' (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) என்ற விதி இருந்தால் அதையும் பாருங்கள். கிளவுடிலிருந்து பார்த்தால் உங்கள் அலுவலகமே வெளியாள்தான்.

பிறகு சீரியல் கன்சோல், அதாவது நெட்வொர்க் இல்லாமலே சர்வரின் திரைச் செய்திகளைப் பார்க்கும் வழி. பூட்லோடர் கர்னலுக்குக் கொடுக்கும் வரியில் கன்சோலாக டிடிஒய்எஸ்0-வைச் சேர்த்துவிடுங்கள். அமேசான், கூகுள், அஷுர் போன்ற இடங்களில் பூட் ஆகும்போது என்ன நடந்தது என்று பார்க்க அதுதான் ஜன்னல். நல்ல நாளில் தேவைப்படாது.

கடைசியாக எஸ்எஸ்ஹெச் சர்வர், கிளவுட்-இனிட் (அடுத்த பதிலில் சொல்கிறேன்), உங்கள் கிளவுட் கேட்கும் ஏஜென்ட் ஏதாவது இருந்தால் அது, எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். விஎம்வேர் டூல்ஸ், விர்ச்சுவல்பாக்ஸ் அடிஷன்ஸ் இருந்தால் நீக்குங்கள்.

கிளவுட்-இனிட் கட்டாயமா? அது என்னதான் செய்கிறது?

முதல்முறை பூட் ஆகும்போது சர்வர் தனக்கு யார் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், எந்த எஸ்எஸ்ஹெச் சாவி போட வேண்டும், டிஸ்கை எவ்வளவு விரிக்க வேண்டும் என்று கிளவுடைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் கிளவுட்-இனிட். உபுண்டுவைச் செய்யும் கெனானிக்கலில் தொடங்கியது, இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் கிடைக்கிறது. பல கிளவுடுகளில் அது கேட்கும் முகவரி 169.254.169.254. இணையத்தில் எங்கும் இல்லாத, சர்வருக்கு உள்ளிருந்து மட்டுமே எட்டும் எண்.

கட்டாயமா என்றால், டிஜிட்டல்ஓஷனில் கட்டாயம். சில இடங்களில் இல்லாமலும் பூட் ஆகும், ஆனால் நீங்கள் கொடுத்த எஸ்எஸ்ஹெச் சாவி உள்ளே போகாது. சர்வர் ஓடும், நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

இமேஜைத் தயார் செய்யும்போது ஒருமுறை கிளவுட்-இனிட் ஓடியிருந்தால், 'நான் ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டேன்' என்று நினைவு வைத்திருக்கும். 'கிளவுட்-இனிட் க்ளீன்' கொடுத்து அந்த நினைவை அழித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஒரே இமேஜிலிருந்து ஐந்து சர்வர் எழுப்பினேன். ஐந்தும் ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்கின்றன.

ஈடிசி ஃபோல்டரில் மெஷின்-ஐடி என்று ஒரு ஃபைல் இருக்கும். ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனியான ஒரு நீண்ட எண். சிஸ்டம்டியின் நெட்வொர்க் சேவை டிஹெச்சிபியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதே அந்த எண்ணிலிருந்து பிறந்த அடையாளத்தை வைத்துத்தான். ஐந்து பேரும் ஒரே ரேஷன் கார்டைக் காட்டினால் கடைக்காரர் என்ன செய்வார்? ஃபைலை நீக்க வேண்டாம், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யுங்கள். அடுத்த பூட்டில் புதிய எண் பிறக்கும்.

எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளும் இதே கதைதான், ஆனால் ஆபத்து பெரியது. ஐந்து சர்வருக்கும் ஒரே ஹோஸ்ட் சாவி என்றால், ஒன்று திருடுபோனாலே மற்ற நான்காகவும் அது வேஷம் போடலாம். நீக்கிவிடுங்கள், கிளவுட்-இனிட் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். இந்தச் சுத்தம் செய்யும் வேலைகளை மொத்தமாகச் செய்ய விர்ட்-சிஸ்ப்ரெப் என்று ஒரு கருவி இருக்கிறது.

பாஸ்வேர்டு, கஸ்டமர் விவரம் எல்லாம் அழித்துவிட்டேன். போதுமா?

போதாது. ஃபைலை அழிப்பது என்பது பெயர்ப்பலகையைக் கழற்றுவது, சரக்கு டிஸ்கிலேயே கிடக்கும். இமேஜ் முழு டிஸ்கின் நகல் என்பதால் அழித்த ஃபைல்களின் எச்சமும் சேர்ந்தே பயணம் செய்யும். காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்புங்கள்: டிஸ்க் நிரம்பும் வரை பூஜ்யங்களால் ஒரு பெரிய ஃபைல் எழுதி, பிறகு அதை அழித்தால் போதும். விர்ட்-ஸ்பார்சிஃபை என்ற கருவியும் கியூகவ்2 இமேஜில் இதே வேலையைச் செய்யும். இதில் இன்னொரு லாபம், பூஜ்யங்கள் ஜிசிப்பில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். அப்லோடு நேரம் பாதிக்கும் கீழே இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பாஷ் ஹிஸ்டரி (அடித்த கமாண்டுகளின் பதிவு) ஃபைலையும் ஒரு முறை திறந்து பாருங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கமாண்டிலேயே அடித்த ஒருவர் உங்கள் அலுவலகத்திலும் இருந்திருப்பார்.

அப்லோடு எவ்வளவு நேரம் ஆகும்? பாதியில் நின்றுவிடுகிறது.

கணக்கு எளிது. 20 ஜிபி ஃபைல், அப்லோடு வேகம் 40 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி ஏழு நிமிடம். 5 எம்பிபிஎஸ் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். விளம்பரத்தில் சொல்லும் வேகம் பல பிளான்களில் டவுன்லோடு வேகம். அப்லோடு எவ்வளவு என்று சோதித்துப் பாருங்கள்.

பிரவுசர் வழியாக ஏற்றாதீர்கள். ஒரு நொடி கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் மறுபடி எழுந்து நிற்பதற்குள் எல்லாம் முதலிலிருந்து. நான் செய்வது இது: அதே கிளவுடில், அதே ரீஜனில் (டேட்டா சென்டர் இருக்கும் ஊர்), ஒரு சின்ன சர்வரை ஒரு நாளைக்கு எடுப்பேன். ஆர்சிங்க்கில் 'பார்ஷியல்' தேர்வோடு இமேஜை அதற்கு அனுப்புவேன்; எங்கே நின்றதோ அங்கிருந்து தொடரும். போய்ச் சேர்ந்ததும் ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்ஹெச்ஏ256 எண்ணை இரண்டு பக்கமும் ஒப்பிடுவேன். பிறகு அந்தச் சின்ன சர்வரிலிருந்தே ஒரு லிங்க் கொடுத்து, 'யூஆர்எல் வழியாக இம்போர்ட்' கொடுத்தால், டேட்டா சென்டருக்குள்ளேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிந்ததும் லிங்க்கை மூடுங்கள். உங்கள் முழு சர்வரும் அந்த லிங்க்கில் இருக்கிறது.

கூகுள் டிரைவ் லிங்க்கைக் கொடுக்கலாமா என்று வாரம் ஒருவர் கேட்கிறார். அந்த லிங்க் போய்ச் சேர்வது ஃபைலுக்கு அல்ல, ஃபைலைக் காட்டும் ஒரு வெப்பக்கத்துக்கு. கிளவுட் அந்தப் பக்கத்தையே இமேஜ் என்று டவுன்லோடு செய்துவிட்டு, 'தெரியாத ஃபார்மட்' என்று திட்டும்.

எந்த ரீஜன் எடுப்பது?

அஷுரின் சவுத் இந்தியா ரீஜன் சென்னையிலேயே இருக்கிறது. அகமாய், அதாவது பழைய லினோடு, சென்னை ரீஜன் வைத்திருக்கிறது. டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரு. அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும். கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். பில்லிங் சாஃப்ட்வேர் ஓட்டுகிறவருக்கு இவற்றுக்குள் வித்தியாசம் தெரியாது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் நேராகப் போகிறது, முப்பது நாற்பது மில்லிசெகண்டில் எட்டிவிடும் என்று சிலர் அதை எடுப்பதும் உண்டு. வேகத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022-ல் திருத்தப்பட்ட விதியை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அமேசான் போன்ற இடங்களில் இமேஜ் ஒரு ரீஜனுக்குள் மட்டும் இருக்கும். வேறு ரீஜனில் வேண்டும் என்றால் நகலெடுக்கச் சொல்ல வேண்டும்.

ஏற்றியாச்சு, சர்வரும் 'ரன்னிங்' என்கிறது. ஆனால் உள்ளே போக முடியவில்லை.

'ரன்னிங்' என்றால் மின்சாரம் வந்துவிட்டது என்று மட்டும் அர்த்தம். கன்சோலைத் திறந்து, திரை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிற்கும் இடமே நோயைச் சொல்லும்.

'பூட் செய்ய டிஸ்க் இல்லை' என்றால் இரண்டில் ஒன்று. எஸ்டிஏ1 மட்டும் எடுத்திருக்கிறீர்கள், அல்லது பயாஸ், யூஇஎஃப்ஐ என்ற இரண்டு பூட் முறைகளில் இமேஜ் ஒன்றிலும் கிளவுட் இன்னொன்றிலும் இருக்கிறது. யூஇஎஃப்ஐயில் இன்னொரு நுட்பம் உண்டு. எந்த ஃபைலிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில்தான் இருக்கிறது, டிஸ்கில் இல்லை. அது இமேஜோடு வராது. இஎஃப்ஐ பார்ட்டிஷனில், பூட் ஃபோல்டருக்குள், பூட்எக்ஸ்64 என்ற பொதுப்பெயரில் பூட்லோடரின் நகல் ஒன்று இருந்தால் புதிய மெஷின் அதைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

கிரப் வந்து, கர்னல் ஓட ஆரம்பித்து, 'டிராகட் இனிட்கியூ டைம்அவுட்' என்று திரும்பத் திரும்ப வந்தாலோ, ரூட் (முதன்மை) ஃபைல்சிஸ்டத்தை இணைக்க முடியாமல் கர்னல் பேனிக் ஆகி நின்றாலோ, மேலே சொன்ன விர்ட்ஐஓ டிரைவர். எமர்ஜென்சி மோடு என்றால் எஃப்எஸ்டேப். லாகின் கேட்கும் வரை வந்துவிட்டு வெளியிலிருந்து மட்டும் எட்டவில்லை என்றால் நெட்வொர்க், ஃபயர்வால், அல்லது கிளவுடின் செக்யூரிட்டி குரூப்பில் (அதன் சொந்த ஃபயர்வால்) எஸ்எஸ்ஹெச் வரும் 22-ஆம் போர்ட்டைத் திறக்க மறந்தது. கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இதையெல்லாம் கிளவுடுக்குப் போகாமலேயே கண்டுபிடிக்கலாம். உங்கள் லேப்டாப்பில் கேவிஎம் வைத்து, டிஸ்கையும் நெட்வொர்க்கையும் விர்ட்ஐஓவாகக் கொடுத்து, இமேஜின் ஒரு நகலை அங்கே எழுப்பிப் பாருங்கள். 'சிஐடேட்டா' என்று லேபிள் போட்ட ஒரு சின்ன ஐஎஸ்ஓவை மாட்டினால் கிளவுட்-இனிட் அதையே கிளவுட் என்று நம்பி வேலை செய்யும். இங்கே எழாதது அங்கே எழாது. மூலத்தை எழுப்பாதீர்கள், நகலை மட்டும்.

மேக் லேப்டாப்பில் செய்த இமேஜ் எந்த கிளவுடிலும் எழவில்லை.

எம்1-க்குப் பிறகு வந்த மேக் எல்லாம் ஆர்ம் சிப். அதில் சாதாரணமாக உருவாகும் விர்ச்சுவல் மெஷினும் ஆர்ம்தான். வழக்கமான கிளவுட் சர்வர்கள் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை). ஆர்ம் சர்வர் எடுங்கள், அல்லது எக்ஸ்86 மெஷினில் மறுபடி செய்யுங்கள்.

80 ஜிபி சர்வர் எடுத்தேன், 20 ஜிபிதான் காட்டுகிறது.

டிஸ்க் வளர்ந்துவிட்டது, உள்ளே பார்ட்டிஷன் வளரவில்லை. கிளவுட்-இனிட்டும் குரோபார்ட் கருவியும் இமேஜில் இருந்தால் தானாக நடக்கும். இல்லையென்றால் குரோபார்ட், பிறகு ஈஎக்ஸ்டி4-க்கு ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எக்ஸ்எஃப்எஸ்-குரோஎஃப்எஸ். ரூட் பார்ட்டிஷனுக்குப் பின்னால் ஸ்வாப் (மெமரி போதாதபோது உதவும் இடம்) பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் வளர இடமில்லை. இமேஜ் செய்யும்போதே ரூட்டைக் கடைசியில் வையுங்கள்.

விண்டோஸ் இமேஜ்? எங்களுடையது டேலி.

டிஜிட்டல்ஓஷனில் முடியாது. அஷுர், அமேசானில் முடியும். கேவிஎம் கிளவுடுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் விர்ட்ஐஓ டிரைவர் இல்லாத விண்டோஸ், நீலத் திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நிற்கும். டிரைவரை இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது, பூட் நேரத்தில் ஏற வேண்டும். பழைய தந்திரம்: லேப்டாப்பின் கேவிஎம்மில் விண்டோஸைப் பழைய வகை டிஸ்கிலேயே எழுப்பி, கூடவே 1 ஜிபியில் ஒரு சும்மா டிஸ்கை விர்ட்ஐஓவாக மாட்டுங்கள். விண்டோஸ் அதைப் பார்த்து டிரைவரை ஏற்றிக்கொள்ளும். அடுத்த முறை முக்கிய டிஸ்கையும் விர்ட்ஐஓவாக மாற்றலாம்.

மெஷினோடு சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் அந்த மெஷினுக்கு மட்டும் சொந்தம், கிளவுடுக்கு வராது. டேலி லைசென்ஸைப் பழைய மெஷினில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கணக்கர் மன்னிக்க மாட்டார்.

பில்லில் நேரம் ஐந்தரை மணி தள்ளி அடிக்கிறது.

கிளவுடின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொள்கிறது. ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்ஈஸ்யூனிவர்சல்' என்பதை 1 ஆக்குங்கள். லினக்ஸில் டைம்ஸோனை ஆசியா-கொல்கத்தா ஆக்கினால் சரி.

எங்களுடையது சென்டோஸ் 7. அப்படியே ஏற்றலாமா?

ஏறும். ஆனால் 2024 ஜூன் 30-உடன் அதற்கான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அலுவலகத்துக்குள் ரவுட்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்த சர்வரைப் பொது ஐபியோடு தெருவில் நிறுத்துகிறீர்கள். தவிர்க்க முடியாது என்றால் விபிஎன்னுக்குப் பின்னால் வையுங்கள், பொது ஐபியே கொடுக்க வேண்டாம். கிளவுட்-இனிட் இன்ஸ்டால் செய்யப் போகும்போது யம் (சென்டோஸில் பேக்கேஜ் இன்ஸ்டால் செய்யும் கருவி) எதையும் கண்டுபிடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதன் பழைய முகவரிகள் மூடப்பட்டு, பேக்கேஜ்கள் 'வால்ட்' என்ற கிடங்குக்குப் போய்விட்டன. ரெப்போ ஃபைலில் முகவரியை மாற்றுங்கள்.

இமேஜ் இருந்தால் பேக்கப் தேவையில்லைதானே?

தேவை. இமேஜ் என்பது அன்றைய தேதியில் எடுத்த ஃபோட்டோ. நேற்று சாயங்காலம் போட்ட இன்வாய்ஸ் அதில் இல்லை.

செலவு?

இமேஜ் சும்மா இருந்தாலும் ஜிபி கணக்கில் மாதாமாதம் வாடகை உண்டு. பெரும்பாலும் டாலர் விலை, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆளை விழுங்குவது அது அல்ல, மறந்துபோன மிச்சங்கள்தான். அமேசானில் இம்போர்ட் முடிந்த பிறகும் எஸ்3-ல் ஏற்றிய மூல ஃபைல் இருக்கும், இமேஜுக்குப் பின்னால் ஒரு ஸ்னாப்ஷாட்டும் இருக்கும், இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். சோதனைக்கு எடுத்த சின்ன சர்வரையும் நிறுத்தினால் போதாது, அழிக்க வேண்டும். நிறுத்தி வைத்த சர்வருக்கும் பல இடங்களில் வாடகை ஓடும்.

எல்லாம் முடிந்தது. பழைய சர்வரை என்ன செய்வது?

ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள், நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் யாராவது ஒருவர் பழையதிலேயே பில் போட்டுக்கொண்டிருப்பார், மாதக் கடைசியில் இரண்டு கணக்கையும் உட்கார்ந்து சேர்க்க வேண்டியிருக்கும். மாதம் கழிந்து ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன் புதிய சர்வரிலிருந்து ஒழுங்காகப் போன பிறகு, டிஸ்கை முழுக்கப் பூஜ்யத்தால் அழித்துவிட்டு ரிச்சி தெருவில் கொடுக்கலாம். அழிக்க நேரமில்லை என்றால் டிஸ்கை மட்டும் கழற்றி பீரோவில் வைத்துக்கொண்டு, மீதியைக் கொடுங்கள். டிஸ்க் இல்லாததற்கு ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்பார்கள், பரவாயில்லை.